மூன்று மணி வருத்தம்

நான் ஒரு விசரன், சுத்தப் பைத்தியக்காரன். இதை ஒப்புக்கொள்ள இந்தத் தொடரில் இத்தனை வாரங்களை எடுத்துக்கொண்டதே அதற்கு முதல் அத்தாட்சி. போன வாரம் வரை வாசித்துவிட்டு, "நல்ல பகிடிக்காரன் ஐயா நீர்" என்று கடிதம் போட்ட வாசகர்களுக்கு ஒரு செய்தி. என் பகிடிகளிலேயே ஆகப் பெரிய வெற்றி பெற்ற பகிடி ஒன்று உண்டு. ஒரு ஆஸ்பத்திரி வார்ட் முழுக்க அதற்குச் சிரித்தது. நான் இல்லாத இடங்களிலும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தப் பகிடி, எனக்குச் சோறு போட்ட ஒரு மனுசியைச் சாகும் இடத்துக்குக் கொண்டுபோனது.

சரி, இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. சொல்கிறேன்.

ஒன்பது மணிச் சிரிப்பு

தொண்ணூறுகளின் தொடக்கம். சரியான ஆண்டைக் கேட்டால் தலையைச் சொறிவேன். குளிர் விட்டும் விடாத ஒரு மாதம். தெற்கு லண்டனில் ஒரு பழைய ஆஸ்பத்திரி, கறுத்துப்போன செங்கல் கட்டடம். இரண்டாம் மாடியில் பெண்கள் வார்ட். அவித்த கோவா இலை மணமும் கிருமிநாசினி மணமும் கலந்து, சூடேற்றும் குழாய்களின் மேல் நாள் முழுக்கக் குந்தியிருக்கும்.

காலை ஒன்பது மணி. ஜன்னலோரம் கடைசிக் கட்டிலில் புவனம் அக்கா.

நாலு நாளுக்கு முன் அவருடைய பித்தப்பையை எடுத்திருந்தார்கள். இப்போது போலச் சின்னத் துளைகளோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிற வழக்கம் அந்த ஆஸ்பத்திரிக்கு இன்னும் வந்து சேரவில்லை. விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளம் வெட்டித் தைத்திருந்தார்கள்.

நடையில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் அக்கா எழும்பி உட்கார்ந்தார். எழும்பும்போது உதட்டைக் கடித்ததை நான் கண்டேன். தலையணைக்கடியிலிருந்து சீப்பை எடுத்து முன்மயிரை இழுத்துவிட்டார். ஒட்டுப்பொட்டு நடுவில்தான் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். போர்வையை நெஞ்சு வரை ஏற்றினார். சப்பாத்துகள் கட்டிலடிக்கு வந்து நின்றபோது அக்காவின் முகத்தில், வீட்டுக்கு வந்த பெரிய மனிதரை வரவேற்கிற சிரிப்பு.

சப்பாத்துகளுக்குச் சொந்தக்காரர் சத்திரசிகிச்சை நிபுணர். இங்கிலாந்தில் கத்தி பிடிக்கிற டொக்டரை டொக்டர் என்று கூப்பிடக் கூடாது. மிஸ்டர் என்றுதான் சொல்லவேண்டும். ஊரில் மருந்து கலக்கிக் கொடுத்தவரையே டொக்டர் என்று கும்பிட்ட எனக்கு இது விளங்க இரண்டு வருசம் பிடித்தது. ஆகவே இவர் மிஸ்டர். அவருக்குப் பின்னால் ஆறேழு இளம் டொக்டர்கள், வால் மாதிரி.

"இன்றைக்கு எப்படி இருக்கிறார்?" மிஸ்டர் கேட்டது என்னிடம். அக்காவின் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை.

நான் தமிழில் கேட்டேன். அக்கா சிரிப்பை மாற்றாமல், மிஸ்டரைப் பார்த்தபடியே, மெல்லச் சொன்னார்:

"தம்பி, வயித்தை விட வலத் தோள்மூட்டுத்தான் கொல்லுது. நேற்றையில இருந்து. மூச்சை உள்ளுக்கு எடுக்கேலாமல் கிடக்கு. நீ பாத்துப் பக்குவமாச் சொல்லு, என்ன?"

வெட்டினது வயிற்றை, நோகிறது தோள்! எனக்கு முகம் சூடேறியது. வாலில் நின்ற ஒரு பெடியன் ஏற்கெனவே உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏன் சிரிப்பு வந்தது என்பது எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பை வார்ட்டுக்குக் கொண்டுவந்தவனே நான்தானே.

"நலமாக இருக்கிறாராம். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்" என்றேன்.

மிஸ்டர் தலையசைத்தார். சப்பாத்துகள் அடுத்த கட்டிலுக்குப் போயின. அக்கா சிரிப்பை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, மெதுவாகச் சரிந்து படுத்தார்.

கென் என்றொரு கோமாளி

அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். போர்ட்டர் வேலை. கட்டில் தள்ளுவது, சக்கர நாற்காலி தள்ளுவது, அழுக்குத் துணி மூட்டை தள்ளுவது. ஊரில் தனியார் வகுப்பில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தவன், எண்பதுகளின் நடுவில் ஓடி வந்து, லண்டனில் எதைக் கண்டாலும் தள்ளுகிறவனாக ஆகிவிட்டேன்.

குணநாயகம் என்ற பெயரை அவர்கள் நாக்கில் ஏற்றி வருத்துவானேன் என்று, முதல் நாளே நானாகவே "கென் என்று கூப்பிடுங்கள்" என்றேன். ஒருவரும் என்னிடம் வேறு பெயர் கேட்கவில்லை. நானாகவே கொடுத்தேன்.

ஒரு கிழவர், "இவன் கையை என் மேல் வைக்க வேண்டாம்" என்று நாற்காலியில் ஏற மறுத்தார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றால் நாற்காலியைத் தள்ளிக் காட்டினேன். நடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். கிழவரும் சிரித்தார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அடுத்த நாள் தேநீர் அறையில் எனக்கென்று ஒரு கதிரை இழுத்துப் போட்டார்கள். பகிடிதான் என்னுடைய விசா என்று அன்றைக்கு விளங்கிக்கொண்டேன்.

அந்த நாட்களில் மொழிபெயர்க்கத் தனியாக ஆள் கிடையாது. தமிழர் யாராவது வந்து படுத்தால், "கென்னைக் கூப்பிடு" என்பார்கள். தள்ளுவதை விட்டுவிட்டுப் போய் நிற்பேன். பெண்களின் நோய் வருத்தம், ஆண்களின் நோய் வருத்தம், சொல்லக்கூடியது, கூடாதது எல்லாம் என் வாய்வழியாகப் போகும். யாரும் எனக்கு ஒன்றும் படிப்பிக்கவில்லை. எனக்குப் பிடித்ததைச் சொன்னேன், பிடிக்காததை விழுங்கினேன்.

புவனம் அக்கா அப்படி வந்து படுத்த ஒருவர் மட்டும் அல்ல. ஸ்ட்ரெதமில் அவர் வீட்டு மேல்மாடிச் சின்ன அறையில்தான் நான் குடியிருந்தேன். அவருடைய புருசன் செல்வம் அண்ணைக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை. ஷிப்ட் முடிந்து வருகிற எனக்கு அக்கா கோப்பையில் சோறு போட்டு, இன்னொரு கோப்பையால் மூடி, மேலே ஒரு அப்பளமும் வைத்திருப்பார். டூட்டிங் கடைகளுக்கு முருங்கைக்காய் வந்த நாளென்றால் எனக்கென்று நாலு துண்டு கூட.

மூன்று மணிக்கு வருவது

எங்கள் ஆட்கள் டொக்டருக்கு முன்னால் படுத்திருக்க மாட்டார்கள். முனகவும் மாட்டார்கள். எழும்பி உட்கார்ந்து, சிரித்து, "பரவாயில்லை" என்பது மரியாதை. நோவைச் சொல்லச் சொந்தக்காரர் இருக்கிறார்கள். அவர்கள் வருவார்கள், நோயாளி அவர்களிடம் அழுவார், அவர்கள் போய் டொக்டரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்வார்கள். ஊர் ஆஸ்பத்திரியில் நோயும் முறைப்பாடும் ஒரே ஆளின் வேலை இல்லை.

லண்டனில் காலை ஒன்பது மணிக்கு டொக்டர், பிற்பகல் மூன்று மணிக்குப் பார்வையாளர். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காது. கட்டிலுக்கு இரண்டு பேர் என்பது சட்டம். அக்காவிடம் எட்டுப் பேர் வந்தார்கள். பிளாஸ்கில் மல்லித்தண்ணி, சுடுசோறு, ஒரு தொட்டில் பிள்ளை. அவர்கள் தலையைக் கண்டதும் அக்காவின் சிரிப்பு உடைந்துபோகும். "ஐயோ, ஏலாதடி, செத்துப் போயிடுவன்" என்று முனகுவார். நாலு மணிக்கு அவர்களை மணியடித்து அனுப்பியதும், நர்ஸ் வந்து பார்க்கும்போது, அக்கா திரும்பவும் தலை வாரி உட்கார்ந்திருப்பார்.

"இதென்ன கென், உங்கள் ஆட்களுக்கு நேரம் பார்த்தா நோவு வரும்?" என்று கேட்டார் வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர். கெட்ட மனுசி இல்லை. இருபது வருச வேலையில் கால் வீங்கியவர். ஆனால் "உங்கள் ஆட்கள்" என்பதை அவர் சொல்லும்போது ஒரு நீட்டு இருக்கும்.

நான் மேலே விளக்கியதை அவருக்கு விளக்கியிருக்கலாம். இரண்டு நிமிடம் போதும். நான் விளக்கவில்லை. அக்காவைப் போல நெஞ்சைப் பிடித்து, கண்ணைச் செருகி, முனகிக் காட்டிவிட்டு, "இது எங்கள் நாட்டு விசேஷம் சிஸ்டர். மூன்று மணி வருத்தம். மருந்து நாலு மணி" என்றேன்.

சிஸ்டர் சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த பேனை உருண்டு விழுந்தது.

அடுத்த நாளே பெயர் பரவிவிட்டது. ஷிப்ட் மாறும்போது, "பன்னிரண்டாம் கட்டில், மூன்று மணி வருத்தம்" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக் கொடுத்தார்கள். அக்கா மணியடித்தால் மெதுவாகப் போனார்கள். நோவு மருந்துக்கு, "கொஞ்சம் பொறுக்கட்டும்" என்றார்கள். நான் பெருமையோடு நாற்காலி தள்ளிக்கொண்டு திரிந்தேன். ஒரு சொல் அகராதியில் ஏறியது மாதிரி.

நியூசிலாந்து நர்ஸ்

இப்போது மெரே என்பவளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏஜென்சி மூலம் சில மாதங்களுக்கு வந்த நர்ஸ். முப்பது வயதிருக்கும். மண்ணிறத் தோல், அகன்ற தோள், சுருள் முடி. எங்கள் ஆளோ, கரீபியன் ஆளோ என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"நியூசிலாந்து."

"அதில்லை. அதற்கு முன்னால்?"

"அதற்கு முன்னாலும் நியூசிலாந்து. மாவோரி. எங்களுக்கு முன்னால் அங்கே பறவைகள்தான் இருந்தன. வேண்டுமானால் அவற்றிடம் கேள்."

லண்டனுக்கு வந்த நாள் முதல் என்னிடம் பஸ்ஸிலும் கடையிலும் கேட்கப்பட்டு, நான் பல்லைக் கடித்த அதே கேள்வி. அதைத் தூக்கி அவள் மேல் போட்டிருக்கிறேன். விசரன் என்று முதல் வரியிலேயே சொன்னேன் அல்லவா?

திரும்பவும் அந்தக் காலைக்கு வருகிறேன். மிஸ்டர் போய்விட்டார். பதினொரு மணிக்குத் தேநீர் அறை. சிஸ்டர், இரண்டு நர்ஸ்மார், வாலில் சிரித்த அந்த இளம் டொக்டர், மூலையில் மெரே. விசா புதுப்பிக்கிற நேரம் வந்துவிட்டது என்று எனக்கு வாய் துறுதுறுத்தது.

"மூன்று மணி வருத்தம் முன்னேறிவிட்டது" என்றேன். "இப்போது ஒன்பது மணிக்கே வருகிறது. அதுவும் வயிற்றை வெட்டினால் தோளில் நோகிறதாம்! அடுத்த முறை காலை வெட்டிப் பாருங்கள், காதில் நோகும்."

சிரித்தார்கள். இளம் டொக்டர் தேநீரைப் புரையேற்றிக்கொண்டான்.

மெரே சிரிக்கவில்லை. "எந்தத் தோள்?" என்றாள்.

"என்ன?"

"எந்தத் தோள் நோகிறது என்றார்?"

"வலது."

"எப்போதிருந்து?"

"நேற்றிலிருந்து. மூச்சு எடுக்கவும் முடியவில்லையாம்."

"டொக்டரிடம் சொன்னாயா?"

"இல்லை."

"ஏன்?"

"சிரிப்பார்கள் என்று."

அவள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனாள். குடிக்காத தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. என் கதிரையில் எனக்கு இருக்க முடியவில்லை.

ஒருவரும் நம்பாத முகம்

பின்னால் தெரிந்துகொண்டது இது: வெட்டிய இடத்துக்குள் பித்தநீர் கசிந்து மேலே ஏறினால், நோவு வயிற்றில் மட்டும் நிற்காது. ஒரு நரம்பு அதை வலத் தோளுக்குக் கொண்டுபோய்க் காட்டும். டொக்டர்களுக்குப் படிப்பில் சொல்லிக்கொடுக்கிற அடையாளம். மூன்று மணி வருத்தம் என்று பெயர் வைத்த பிறகு, படித்தவர்களும் அந்தக் கட்டிலடியில் படிப்பை மறந்தார்கள்.

நான் போனபோது மெரே அக்காவின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளைக் கண்டும் எழும்பி உட்காரப் பார்த்தார். மெரே முழங்காலை மடக்கித் தரையில் குந்தி, முகத்தை அக்காவின் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, படுக்கும்படி கையைக் காட்டினாள். அக்கா படுத்தார். சிரிப்பு போய்விட்டது. முகம் சாம்பல் நிறம்.

"காய்ச்சல் ஏறியிருக்கிறது. நாடி ஓடுகிறது" என்றாள் மெரே. "அந்த டொக்டரைக் கூட்டிக்கொண்டு வா."

ஓடினேன். இளம் டொக்டர் நடையில் நின்றான். மூச்சு வாங்கச் சொன்னேன். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"இன்னும் மூன்று மணி ஆகவில்லையே கென்" என்றான்.

சிஸ்டரிடம் ஓடினேன். "சிஸ்டர், உண்மையாகவே ஏலாமல் கிடக்கிறார். தோள் நோவு பகிடி இல்லை. காலையில் மிஸ்டரிடம் நான் மறைத்துவிட்டேன்."

சிஸ்டர் என்னையே பார்த்தார். உதடு மெல்ல விரிந்தது. "இவ்வளவு சீரியஸாக முகத்தை வைக்க எங்கே பழகினாய்?"

"சிஸ்டர், சத்தியமாக!"

"போ, போ. எனக்கு வேலை இருக்கிறது."

அழுகை வந்தது. கண்ணைத் துடைத்தேன். அதற்கும் அவர் சிரித்தார். வருசக்கணக்காக உழைத்துச் சம்பாதித்த முகம் அது. இந்த முகத்தோடு தீ என்று கத்தினாலும் இந்தக் கட்டடத்தில் ஒருவர் எழும்ப மாட்டார்.

திரும்பி ஓடினேன். மெரே தொலைபேசியில் மிஸ்டரைப் பிடித்திருந்தாள். கீழே கிளினிக்கில் இருந்தாராம். ஏஜென்சி நர்ஸ் நேரடியாக மிஸ்டரைக் கூப்பிடுவதென்பது அங்கே கேள்விப்படாத காரியம். பேசிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

"அவர் சொன்னதைச் சொல். உன் சொல்லில் வேண்டாம். அவருடைய சொல்லில், அவர் சொன்ன ஒழுங்கில்."

"சேர்" என்றேன். "பன்னிரண்டாம் கட்டில். காலையில் நீங்கள் கேட்டபோது அவர் சொன்னது இது. 'தம்பி, வயிற்றை விட வலத் தோள்தான் என்னைக் கொல்லுகிறது. நேற்றிலிருந்து. மூச்சை உள்ளே எடுக்க முடியவில்லை. நீ பார்த்துப் பக்குவமாகச் சொல்லு.' அவ்வளவுதான் சேர். நன்றி என்று அவர் சொல்லவில்லை. அது நான் சேர்த்தது."

மறுமுனையில் ரிசீவர் வைக்கப்பட்ட சத்தம். நாலு நிமிடத்தில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. இந்த முறை அந்தச் சப்பாத்துகள் ஓடி வந்தன. மிஸ்டர் வயிற்றைத் தொட்டார். அக்கா கத்தினார். அந்த வார்டில் ஒரு டொக்டருக்கு முன்னால் அவர் கத்தியது அதுதான் முதல் தடவை.

லிப்ட்

ஒபரேஷன் தியேட்டருக்குக் கட்டிலைத் தள்ள வேண்டியவன் நான். அது என் வேலை.

இரண்டாம் மாடியிலிருந்து நாலாம் மாடி. லிப்ட் வரவில்லை. பொத்தானை அமுக்கினேன். திரும்ப அமுக்கினேன். காலால் தரையைத் தட்டினேன். எங்கோ கீழே கதவு திறந்து மூடுகிற சத்தம். கட்டிலைச் சுற்றி நடந்தேன். மெரே நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ" என்றேன். பழக்கதோஷத்தில், "அங்க போனா நல்ல நித்திரை, ஒருத்தரும் சமைக்கச் சொல்ல மாட்டினம்…" என்று தொடங்கி, பாதியில் நாக்கைக் கடித்தேன்.

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, எனக்கு இங்கிலிஷ் கதைக்கத்தான் வராது" என்றார். "விளங்கும்."

லிப்ட் கதவு திறந்தது.

தள்ளினேன். என்ன செய்வது? தள்ளினேன்.

செல்வம் அண்ணை பெற்றோல் நிலையத்துச் சட்டையோடே ஓடி வந்தார். தியேட்டர் வாசலில் அவர் ஒரு சுவரிலும் நான் மறு சுவரிலும். அவர் இருந்தார், நான் நடந்தேன். எத்தனை தடவை அந்த நடையை அளந்தேன் என்று தெரியாது. கடைசியில் மிஸ்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்து பேசினார்.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"உள்ளுக்குப் பித்தம் கசிஞ்சதாம். கழுவித் துப்பரவாக்கிக் குழாய் வைச்சிருக்கினமாம். ரெண்டு நாள் போனாத்தான் சொல்லலாமாம்." நிறுத்தினேன். மிஸ்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அதை விழுங்க எனக்கு ஒரு வினாடி போதும். "காலமையே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்குமாம்."

"ஆர் சொல்லியிருக்கோணும்?"

"நான்."

அண்ணை என்னைத் தாண்டி மிஸ்டருக்கு முன்னால் போய் நின்று, பெற்றோல் நிலையத்தில் பழகிய ஆங்கிலத்தில் தானாகவே கேட்டார். மூன்று சொல். இருப்பாளா என்று.

பெயர் வைத்தவன்

அக்கா இருந்தார். ஐந்தாம் நாள் கஞ்சி குடித்தார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிப் பின்பக்கம், அழுக்குத் துணி மூட்டைகளுக்குப் பக்கத்தில் மெரே சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எனக்காக ஒரு வழக்கைத் தயாரித்துக்கொண்டு போனேன்.

"ஒன்று யோசித்துப் பார். நான் தேநீர் அறையில் பகிடி விட்டதால்தானே உனக்கு விஷயம் தெரிந்தது? ஒரு விதத்தில்…"

அவள் பார்த்த பார்வையில் வழக்கு அங்கேயே தள்ளுபடி.

"சரி. ஆனால் நான் வெள்ளைக்காரன் இல்லையே" என்றேன். "அவர்கள் எங்களை அப்படிப் பார்ப்பதற்கு நான் எப்படிப் பொறுப்பு?"

"அது முதலே அவர்களிடம் இருந்தது" என்றாள். "நீ அதற்குப் பெயர் வைத்துக் கொடுத்தாய். உங்கள் ஆளே சொல்கிறான் என்றால் அவர்களுக்கு இன்னும் வசதி."

பிறகு தன் சித்தியைப் பற்றிச் சொன்னாள். சொந்த நாட்டில், சொந்த ஆற்றங்கரையில் கட்டிய ஆஸ்பத்திரி. சித்தியைப் பார்க்கக் குடும்பம் முழுக்க வந்தது. கூட்டம் போடாதே என்று துரத்தினார்கள். தலையைத் தொடுவது அவர்களிடம் சின்ன விஷயம் இல்லை, கேட்காமல் தொட்டார்கள். மாவோரிகள் இப்படித்தான், மருந்து தின்ன மாட்டார்கள், சோம்பேறிகள் என்று கட்டிலுக்கு மேலாகவே பேசினார்கள். சித்தி வாயை மூடிக்கொண்டார். நோவு எங்கே என்று கேட்டாலும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தார். திரும்பப் போகவில்லை. செத்துப்போனார்.

"கட்டிலடியில் நின்ற மாவோரி உதவியாள் ஒருத்தியும் சேர்ந்து சிரித்தாள்" என்றாள் மெரே. "எனக்கு இன்றைக்கும் அவள் முகம்தான் நினைவு."

அவளுடைய நாட்டில் இப்போது மாவோரி நர்ஸ்மார் ஒன்று கேட்டுச் சண்டை பிடிக்கிறார்களாம். ஒருவருக்குக் கொடுக்கிற வைத்தியம் அவருக்குப் பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்லவேண்டியது நர்ஸ் அல்ல, டொக்டர் அல்ல, கட்டிலில் கிடந்த ஆள்தான் என்று. இதைக் கேட்டதற்கே பத்திரிகைகளில் திட்டு விழுகிறதாம்.

வார்டில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச விடும்படி சிஸ்டரிடம் அவள் கேட்டாள். "நாங்கள் எல்லோரையும் ஒரே மாதிரித்தான் பார்க்கிறோம்" என்று சிஸ்டர் முகம் சிவந்தார். அடுத்த மாதத்துக்கு அவளை ஏஜென்சியிடம் கேட்கவில்லை. போகிற நாளில் எனக்குக் கை கொடுத்து, "பார்த்துக்கொள், குணநாயகம்" என்றாள். என் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். அரைகுறை உச்சரிப்புத்தான்.

இருபத்திரண்டு குறிப்புகள்

விசரன் ஒருநாளும் சும்மா இருக்க மாட்டான். மெரே விட்ட இடத்தை நான் நிரப்புகிறேன் என்று கிளம்பினேன். தமிழ் நோயாளிகளைக் கவனிப்பது எப்படி என்று இருபத்திரண்டு குறிப்புகள் எழுதி, தட்டச்சில் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு நர்ஸ்மார் மேசைக்கு மேல் ஒட்டினேன். தமிழர் டொக்டர் முன் எழும்பி உட்காருவார்கள். தமிழர் மாட்டிறைச்சி தின்ன மாட்டார்கள். தமிழர் நோவை மறைப்பார்கள். சிஸ்டருக்கு மெத்தச் சந்தோசம்.

அடுத்து வந்து படுத்த தமிழ் அம்மா கொழும்பில் வளர்ந்தவர். டொக்டரைக் கண்டு ஒரு அங்குலம் எழும்பவில்லை. காலையில் மாட்டிறைச்சி சாண்ட்விச் கேட்டார். நோவு மருந்து பத்து நிமிடம் பிந்தியதற்கு, ராணியார் பேசுகிற ஆங்கிலத்தில் மிஸ்டரைக் கிழித்துத் தொங்கவிட்டார். இளம் நர்ஸ் ஒருத்தி என்னைத் தேடி வந்து, "கென், இவர் குறிப்பில் உள்ளபடி இல்லையே, உண்மையாகவே தமிழர்தானா?" என்று கேட்டாள்.

அன்றைக்கே அதைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

வீட்டில் அக்கா எனக்குச் சோறு போடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கோப்பையை வைப்பார், போவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் குசினி வாசலில் நின்று கேட்டேன்.

"அக்கா, நான் அண்டைக்குப் பிழையாச் சொன்னது உங்களுக்கு விளங்கினதெண்டா, ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

அக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். இன்னும் நிமிர்ந்து நிற்க ஏலாமல், கதிரையில் இருந்தபடி.

"அவ்வளவு பேருக்கு முன்னால உன்னைப் பொய்யனாக்கச் சொல்லுறியோ?"

"சாகப் பாத்தீங்களே, அக்கா!"

"ஓம்" என்றார். வெங்காயத்தைச் சட்டியில் போட்டார். "உனக்கு வெக்கமாப் போயிடும் எண்டு நினைச்சன். நீயும் எனக்கு அப்பிடித்தான் நினைச்சனி போல."

மேலே போய் என் சின்ன அறையில் இருக்கப் பார்த்தேன். இருக்க முடியவில்லை. கீழே இறங்கித் தெருவில் நடந்தேன்.

கதவுக்கு முன்னால்

ஆறு கிழமை கழித்து அக்காவுக்கு கிளினிக். அன்றைக்கு எனக்கு லீவு. ஆனாலும் போனேன். இஸ்திரி போட்ட சேட்டு, கையில் புதுக் கொப்பி, இரண்டு பேனை. ஒரு சொல்லும் தப்பாமல் எழுதி எழுதிச் சொல்வதென்று முடிவு.

அக்கா நீல நிறச் சேலை கட்டி, மேலே குளிர்ச்சட்டை போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அண்ணைக்கு ஷிப்ட். பக்கத்துக் கதிரையில் நான். கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"அக்கா, இண்டைக்கு நீங்கள் சொல்லுறது எல்லாத்தையும் அப்பிடியே சொல்லுவன்" என்றேன். "கூட்ட மாட்டன், குறைக்க மாட்டன். நீங்கள் இருமினா அதையும் சொல்லுவன்."

அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. ஏதோ பாடமாக்குகிற பிள்ளை மாதிரி, சத்தமில்லாமல். அது ஆங்கிலம் என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

கதவு திறந்தது. நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழும்பினார். நானும் கொப்பியைத் திறந்துகொண்டு எழும்பினேன்.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். பிறகு, அக்காவிடமே கேட்டாள்: இவரும் உள்ளே வரலாமா?

"வாறன் அக்கா, நான் எல்லாம் வடிவாச் சொல்லுறன்" என்றேன்.

"நீ வெளியில இரு."